பின்னங்கால் விழுந்த நாய்: தண்டுவட அழுத்தமும் தவறவிடப்படும் பரிசோதனையும்

1. கேள்வி

புதுச்சேரி நகரத்துக்கு வடக்கே, தமிழ்நாட்டு நிலம் சூழ்ந்து நிற்கும் புதுச்சேரித் துண்டு காலாப்பட்டு. அதன் ஊடாகக் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓடுகிறது. கடலோரம் மீனவர் குடியிருப்புகள். சாலையை ஒட்டி 1985இல் நிறுவப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகம். சற்றுத் தள்ளி மத்தியச் சிறை, ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி. படகுத்துறையில் மீன் கழிவுக்குக் காத்திருக்கும் நாய்கள், விடுதி வாசலில் படுத்திருக்கும் நாய்கள், மாடி வீட்டுக் கம்பிக் கதவுக்குப் பின்னால் குரைக்கும் பொமரேனியன்கள் என மூன்று வகை நாய் வாழ்க்கை இங்கே ஒரே சாலையை எதிர்கொள்கிறது.

இந்த மூன்று வகை நாய்களுக்கும் நேரக்கூடிய ஒரு நிலையைத்தான் மக்கள் ‘பின்னங்கால் விழுந்துடுச்சு’ என்கிறார்கள். நேற்றுவரை ஓடிய நாய் இன்று முன்னங்கால்களை ஊன்றி இடுப்பை இழுத்துக்கொண்டு வருகிறது. வண்டி இடித்திருக்கலாம், கட்டிலிலிருந்து குதித்திருக்கலாம், வெளியே தெரியும்படி எதுவுமே நடக்காமலும் இருந்திருக்கலாம். அடுத்து வருவது பெரும்பாலும் ‘நரம்பு ஊசி’: பி12 வைட்டமினும் ஸ்டீராய்டும். ஒரு வாரம் பார்த்துவிட்டு, ‘எம்ஆர்ஐ எடுக்கணும், ஆபரேஷன் பண்ணணும், இங்கே அதுக்கு வழியில்லை’ என்ற முடிவுக்கு வீட்டார் வந்துவிடுகிறார்கள்.

நம் ஊர்களில் இந்த நாய்கள் நடக்காமல் போவதற்கு ஸ்கேன் எந்திரமும் அறுவை அரங்கும் எட்டாத தூரத்தில் இருப்பதுதான் காரணமா? பொதுவான எண்ணம் அப்படித்தான். கிடைக்கும் சான்றுகளை எடைபோட்டுப் பார்த்தால் அந்த எண்ணம் பாதிக்குமேல் தேறாது என்பது என் வாதம். எந்திரம் வேண்டாத ஒரு பரிசோதனையும், செலவு வைக்காத ஒரு பராமரிப்பும் முதல் நாளிலேயே விடுபட்டுப்போகின்றன. பெரிய இழப்பு அங்கேதான் நேர்கிறது.

2. முதுகெலும்புக்குள் நடப்பது

நாய்க்குக் கழுத்தில் 7, மார்பில் 13, இடுப்பில் 7, திருவெலும்புப் பகுதியில் ஒன்றாய் இணைந்த 3 முள்ளெலும்புகள். அவற்றின் நடுக்குழாய் வழியே தண்டுவடம் இறங்கி, பொதுவாக ஆறாவது இடுப்பு முள்ளெலும்பு அளவில் முடிகிறது. அதற்குக் கீழே ஓடுவது ‘குதிரைவால்’ எனப்படும் நரம்பு வேர்க் கற்றை. எனவே ‘நரம்பு அழுத்தம்’ என்ற ஒரே சொல்லுக்குள் தண்டுவடமே நசுங்குவது, தண்டுவடம் முடிந்தபின் வேர்கள் நசுங்குவது என இரு வேறு விபத்துகள் அடங்கியிருக்கின்றன. முன்னதில் கால்கள் செயலிழந்தாலும் பெரும்பாலும் அனிச்சைகள் உயிரோடிருக்கும், சில சமயம் மிகையாகவும் இருக்கும். பின்னதில் கால் தளர்ந்து, வால் தொங்கி, ஆசனவாய்த் தசை பிடிப்பிழக்கும்.

நசுக்கும் பொருள்களில் முதலிடம் முள்ளெலும்புகளுக்கு இடையே இருக்கும் வட்டுக்கு, அதாவது ‘டிஸ்க்’குக்கு. வெளியே நார்வளையம், உள்ளே நுங்கைப் போன்ற நீர்ப்பிடிப்பான கரு. இந்த வட்டிலிருந்து பிதுங்கிய பொருளை நாயின் தண்டுவடத்தின் மேல் 1896இலேயே டெக்ஸ்லர் விவரித்துவிட்டார். ஆனால் அது ஒரு கட்டி என்றே கருதப்பட்டது. மனிதரில் டிஸ்க் பிதுங்கலுக்கும் கால் நோய்க்கும் உள்ள தொடர்பை மிக்ஸ்டரும் பாரும் நிலைநாட்டியது 1934இல். நாயில் அந்த வேலையை ஸ்வீடனின் ஹான்ஸ்-யோர்ஜென் ஹான்சன் 1952இல் செய்தார். அவர் வகுத்த இரு வகைப் பிரிவு இன்றும் வழக்கில் இருக்கிறது. முதல் வகையில், கரு இளம் வயதிலேயே நீர் வற்றிச் சுண்ணம் படிந்து, ஒருநாள் நார்வளையத்தைக் கிழித்துக்கொண்டு திடீரென வெளியே பாய்கிறது. டாக்ஸ்ஹுண்ட் போன்ற குட்டைக்கால் இனங்களின் நோய் இது. பெரும்பாலும் மூன்று முதல் ஆறு வயதுக்குள் தாக்கும். இரண்டாம் வகையில், வயதான பெரிய நாயின் நார்வளையம் மாதக்கணக்கில் மெல்லத் தடித்துத் தள்ளுகிறது.

ஹான்சன் திசுவில் பார்த்ததற்கு மரபணுக் காரணம் 2017இல் வெளிவந்தது. எஃப்ஜிஎஃப்4 என்ற மரபணுவின் கூடுதல் படி ஒன்று 12ஆம் குரோமோசோமில் செருகப்பட்டிருக்கும் நாய்களில் வட்டு முன்கூட்டியே முதுமை அடைகிறது. அதே மரபணுவின் இன்னொரு படி 18ஆம் குரோமோசோமில் இருந்து காலைக் குட்டையாக்குவது 2009இலேயே அறியப்பட்டிருந்தது. அழகென்று மனிதர் தேர்ந்தெடுத்த உடலமைப்பும் டிஸ்க் நோயும் ஒரே மரபணுவின் இரு படிகளில் வந்து நிற்கின்றன. டாக்ஸ்ஹுண்டுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று தன் ஆயுளில் இந்த நோயைச் சந்திக்கிறது.

பாய்ச்சல் நிகழும் இடமும் தற்செயலானதல்ல. மார்பின் பெரும்பகுதியில் இரு பக்க விலா எலும்புத் தலைகளை இணைக்கும் தசைநார் ஒன்று டிஸ்கின் மேல் குறுக்கே ஓடி அதை அடக்கிவைக்கிறது. மார்பின் கடைசிப் பகுதியில் அந்தத் தசைநார் இல்லை. அசையாத மார்பும் வளையும் இடுப்பும் சந்திக்கும் இடமும் அதுவே. அதனால்தான் பின்னங்கால் மட்டும் விழுந்து முன்னங்கால் தப்பும் நாய்களே அதிகம்.

3. நம் ஊரின் காரணங்கள்

மேற்கண்ட அறிவின் பெரும்பகுதி ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகிய இடங்களின் டாக்ஸ்ஹுண்டுகளிடமிருந்து வந்தது. அதை அப்படியே காலாப்பட்டுக்குக் கொண்டுவர முடியாது. இங்கே நான்கு காரணங்களைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது சாலை. வண்டி மோதி முள்ளெலும்பு முறிவதும் விலகுவதும் அவிழ்த்துவிடப்பட்ட நாய்களில் மிக முக்கியமான காரணம். டிஸ்க் நோயில் தண்டுவடம் நசுங்குகிறது. எலும்பு விலகினால் அறுந்தே போகலாம். இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றே.

இரண்டாவது சமையலறை. இதைப் பற்றி நம்மிடையே போதிய பேச்சே இல்லை. வளரும் குட்டிக்குக் கால்சியமும் பாஸ்பரசும் ஏறத்தாழ சம அளவிலோ, கால்சியம் சற்றுக் கூடுதலாகவோ வேண்டும். எலும்பில்லாத இறைச்சியில் பாஸ்பரஸ் பல மடங்கு மிகுதி. ஈரலில் நிலைமை இன்னும் மோசம். சோற்றில் கால்சியம் மிகக் குறைவு. அன்பு மிகுந்த வீட்டில் வெறும் கோழி ஈரலும் சோறும் தின்று வளரும் குட்டியின் உடல், இரத்தத்தில் கால்சியம் குறையாமல் காக்கத் தன் எலும்பையே கரைக்கிறது. மெலிந்த முள்ளெலும்பு ஒரு சின்னத் துள்ளலில் நொறுங்கித் தண்டுவடத்தின் மேல் அமர்கிறது. ஆறு மாதக் குட்டி பின்னங்காலை இழுத்தால் முதலில் கேட்க வேண்டியது, என்ன சாப்பிடுகிறது என்பதைத்தான். இந்த எலும்பு மெலிவு சாதாரண எக்ஸ்ரேயிலேயே தெரியும்.

மூன்றாவது சந்தை. 2003இல் ஹட்ச் தொலைபேசி விளம்பரத்தில் ஒரு பக் நாய் சிறுவனைத் தொடர்ந்து நடந்தது. அதன்பின் அந்த இனத்துக்கு நாடு முழுவதும் கிராக்கி எழுந்தது. சுருண்ட வாலுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இந்த இனத்தில் பிறவியிலேயே கோணலான முள்ளெலும்புகளும், முள்ளெலும்புகளைப் பூட்டும் மூட்டுகளின் குறைவளர்ச்சியும் பரவலாக உண்டு. சிலவற்றில் நடு வயதுக்குப் பிறகு வலியே இல்லாமல் பின்னங்கால் தள்ளாடத் தொடங்குகிறது. விளம்பரத்தைப் பார்த்து வாங்கியவர்களிடம் இதை யார் சொன்னார்கள்?

நான்காவது, ஜெர்மன் ஷெப்பர்ட், லாப்ரடார் போன்ற பெரிய உடல் நாய்களின் இடுப்பு–திருவெலும்பு இணைப்பு. கடைசி இடுப்பு முள்ளெலும்புக்கும் திருவெலும்புக்கும் இடையில் குதிரைவால் நரம்புகள் மெல்ல நெரிபடுகின்றன. மாடிப்படி ஏறத் தயங்குவது, காரில் தாவ மறுப்பது, வாலைத் தூக்கினால் முனகுவது ஆகியவை இதன் தொடக்க அடையாளங்கள். ‘வயசாயிடுச்சு’ என்று வீட்டார் கடந்துபோவது இந்தக் கட்டத்தில்தான்.

அழுத்தமே இல்லாமலும் பின்னங்கால் விழும் என்பது இதன் மறுபக்கம். எஸ்ஓடி1 மரபணு மாற்றத்தோடு 2009இல் தொடர்புபடுத்தப்பட்ட தண்டுவடச் சிதைவு நோய் வயதான ஜெர்மன் ஷெப்பர்டுகளை வலியின்றி மெல்ல முடக்குகிறது. அதற்கு அறுவை உதவாது. டிஸ்டெம்பர் வைரஸ், உண்ணிவழி வரும் எர்லிக்கியா தொற்று, இடுப்பு மூட்டுக் கோளாறு ஆகியவையும் இதே தோற்றத்தைக் காட்டக்கூடியவை. எல்லாவற்றுக்கும் மேலாக வெறிநோய். அதன் வாத வடிவில் நாய் சீறுவதில்லை, கடிப்பதில்லை; பின்னங்கால் தளர்ந்து, தாடை தொங்கி, எச்சில் ஒழுக ஒதுங்கிக் கிடக்கும். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறதோ என்று இரக்கத்தோடு வாய்க்குள் கைவிட்டவர்கள் பாதிக்கப்படுவது இந்த வடிவில்தான். தடுப்பூசி விவரம் தெரியாத நாய் திடீரென நடக்க முடியாமல் கிடந்தால், காயத்தின் அடையாளம் கண்ணுக்குத் தெரியாதவரை, வெறிநோய் சந்தேகம் மற்ற எல்லாச் சந்தேகங்களுக்கும் முன்னால் வர வேண்டும். வெறுங்கையால் தொடக்கூடாது.

4. கையால் செய்யும் பரிசோதனை

வெறிநோய் ஐயம் விலகி, நாயின் வாய் முறையாகக் கட்டப்பட்டபின் கால்நடை மருத்துவர் செய்யும் நரம்பியல் பரிசோதனைக்குப் பத்து நிமிடம் போதும். முதலில் நகங்கள். இழுபட்ட காலின் நகம் மேற்புறம் தேய்ந்திருக்கும். நோய் இன்று தொடங்கியதா, சில வாரங்களாக இருக்கிறதா என்பதை அது சொல்லிவிடும். பிறகு பாதத்தைப் புறம் திருப்பித் தரையில் வைப்பது. நலமான நாய் உடனே அதைச் சரியாக ஊன்றிக்கொள்ளும். தண்டுவடம் நசுங்கிய நாய்க்குத் தன் பாதம் கவிழ்ந்திருப்பதே தெரியாது. மூட்டு நோயையும் நரம்பு நோயையும் பிரிக்க இதைவிட எளிய வழி இல்லை. அடுத்து முதுகுத் தோலை இடுப்பிலிருந்து மேல்நோக்கிப் படிப்படியாகக் கிள்ளிக்கொண்டே வருவது. ஈ உட்கார்ந்தால் நாய் தோலைச் சிலிர்க்குமே, அந்தச் சிலிர்ப்பு எந்த இடத்திலிருந்து கிடைக்கத் தொடங்குகிறதோ அதற்கு ஓரிரு முள்ளெலும்பு மேலே சேதம் இருக்கிறது.

நடக்க முடியாத, காலைத் தானாக அசைக்கவும் முடியாத நாய்க்கு மிக முக்கியமானது கடைசிப் பரிசோதனை: ஆழ்வலி உணர்வு. பின்னங்கால் விரல் எலும்பை இடுக்கியால் அழுத்த வேண்டும். நாய் காலை இழுத்துக்கொள்ளும். வீட்டார் முகம் மலரும், ‘கால் அசையுதே, உணர்ச்சி இருக்கு’ என்பார்கள். அந்த அசைவு எதையும் நிரூபிக்காது. மூளைக்குச் செய்தி போகாமலேயே தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி தானாகக் காலை மடக்கும். பார்க்க வேண்டியது நாயின் முகத்தை: தலையைத் திருப்புகிறதா, முனகுகிறதா, கண் பாப்பா விரிகிறதா, கடிக்க வருகிறதா? இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் வலிச்செய்தி மூளையை அடைகிறது. இரண்டு காலிலும் விரல் விரலாகப் பார்த்தும் முகம் மாறவில்லை என்றால்தான் ஆழ்வலி இல்லை என்று எழுத வேண்டும். பயந்து உறைந்த நாய் வலியை மறைக்கும் என்பதால் சில மணி நேரம் கழித்து மறுபடியும் பார்ப்பது நல்லது.

இதை இவ்வளவு விரித்து எழுதுவதற்குக் காரணம், இனி வரும் புள்ளிவிவரம் முழுவதும் இந்த ஒரு விடையின் மேல் நிற்பதுதான். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். தண்டுவடத்தையோ பிதுங்கிய டிஸ்கையோ நேராகக் காட்டாது. எம்ஆர்ஐ அழுத்தம் இருக்கும் இடத்தைக் காட்டும். ஆனால் நாய் திரும்ப நடக்குமா என்ற கேள்விக்கு, விரலை அழுத்தும் இடுக்கி இன்றும் மிக வலுவான முன்னறிகுறியாக இருக்கிறது.

5. சான்றுகள் சொல்வது

திடீர் டிஸ்க் பிதுங்கல் குறித்து அமெரிக்க கால்நடை உள்மருத்துவக் கல்லூரியின் நிபுணர் குழு 2022இல் கருத்தொருமிப்பு அறிக்கை வெளியிட்டது. அது தொகுத்த பழைய ஆய்வுகளின்படி, கால்கள் முற்றிலும் செயலிழந்தும் ஆழ்வலி இருக்கும் நாய்களில் அறுவை செய்தால் ஏறத்தாழ நூற்றுக்கு 93 திரும்ப நடக்கின்றன. அறுவையின்றி ஓய்விலும் மருந்திலும் வைத்தால் ஏறத்தாழ 60. ஆழ்வலியும் போய்விட்ட நாய்களில் அறுவையோடு 61, அறுவையின்றி 21 என்ற அளவு. தள்ளாடினாலும் நடக்கும் நாய்களில் அறுவை இல்லாமலேயே ஏறத்தாழ 80.

இந்த எண்களைப் படிக்கும் முறையில்தான் கருத்து வேறுபாடு. அறுவை உயர்ந்தது என்று படிப்பவர்கள் சொல்வது சரி. வசதி உள்ளவர் தயங்காமல் செய்ய வேண்டும். ஆனால் அரங்கம் எட்டாத ஊரில் இருந்து படிக்கும்போது கண்ணில் படுவது அந்த 60. ஆழ்வலி மிஞ்சியிருக்கும் நாய்களில் பாதிக்குமேல் கத்தியே படாமல் எழுகின்றன. அவற்றை ‘வழியில்லை’ என்று கைவிடுவதற்கு அறிவியலில் எந்த ஆதாரமும் இல்லை. பழைய ஆய்வுகள் ஒரே அளவுகோலில் செய்யப்பட்டவை அல்ல, எண்கள் தோராயமானவை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அப்படியிருந்தும் திசை மாறவில்லை.

இன்னொரு நம்பிக்கையையும் சோதிக்க வேண்டும்: 24 மணி நேரத்துக்குள் அறுவை செய்யாவிட்டால் எல்லாம் முடிந்தது என்பது. ஆழ்வலி இழந்த 78 நாய்களைத் தொடர்ந்து, 2016இல் ஜெஃப்ரி குழுவினர் வெளியிட்ட ஆய்வில் 45 நாய்கள் மீண்டன; தாமதத்துக்கும் மீட்சிக்கும் தொடர்பு தென்படவில்லை. இதற்கு முன் 2003இல் நடாஷா ஓல்பி குழு வெளியிட்ட ஆய்விலும் சிகிச்சை பெற்ற 64 டிஸ்க் நாய்களில் 37 மீண்டிருந்தன. இரண்டுமே 58 விழுக்காடு. விரைவாகப் போவது நல்லதுதான். ஆனால் மூன்றாம் நாள் வந்த நாயை ‘லேட்’ என்று திருப்பி அனுப்புவது சான்றோடு பொருந்தாது.

ஸ்டீராய்டு வேண்டாம் என்பதில் தயக்கத்துக்கே இடமில்லை. மனிதத் தண்டுவடக் காயத்துக்கு மெத்தில்பிரெட்னிசலோன் பயன்படும் என்று 1990இல் வெளியான அமெரிக்க ஆய்வு கால்நடை மருத்துவத்தையும் ஆட்கொண்டது. ஓல்பி குழு அதை நாய்களிலேயே போலிமருந்தோடு ஒப்பிட்டு 2016இல் வெளியிட்டபோது மீட்சியில் வேறுபாடு இல்லை. 2022 அறிக்கையும் அதைப் பரிந்துரைக்கவில்லை. ஸ்டீராய்டையும் மெலாக்சிகாம் போன்ற வலிநிவாரணியையும் சேர்த்துப் போட்டால் இரைப்பையும் குடலும் புண்ணாகித் துளைபடலாம். காலையில் ஒருவரிடம் ஒரு ஊசி, மாலையில் வேறொருவரிடம் இன்னொன்று என்று அலையும் வீட்டாருக்கு இந்த ஆபத்து மிக அருகில் இருக்கிறது. முதலில் போட்ட மருந்தின் பெயர் எழுதிய சீட்டைக் கட்டாயம் கையில் வைத்திருக்க வேண்டும். வீட்டில் இருக்கும் இப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. பி12 ஊசியால் தீங்கில்லை. நசுங்கிய தண்டுவடத்தை அது மீட்கும் என்பதற்கும் நம்பத்தக்க சான்றில்லை. அது போடப்பட்டதும் ‘சிகிச்சை நடக்கிறது’ என்ற நிம்மதி வந்துவிடுகிறது. செய்ய வேண்டிய மற்ற வேலைகள் நின்றுபோகின்றன. என் கவலை அதில்தான்.

6. விடுபடும் வேலைகள்

முதல் வேலை அடைத்துவைப்பது. குறைந்தது நான்கு வாரம், நாய் எழுந்து திரும்பிப் படுக்க மட்டும் இடமுள்ள கூண்டில். கிழிந்த நார்வளையம் ஆற அந்த அவகாசம் வேண்டும். வலிநிவாரணி கொடுத்து வீட்டுக்குள் அவிழ்த்துவிட்டால் வலி மறந்த நாய் சோபாவில் தாவும், மிச்சக் கருவும் வெளியே பாயும். ‘பாவம், எப்படி அடைச்சு வைக்கிறது’ என்ற இரக்கம் இங்கே எதிர்விளைவைத் தருகிறது.

இரண்டாவது சிறுநீர்ப்பை. தண்டுவடம் கடுமையாக நசுங்கிய நாயால் அதைக் காலி செய்ய முடியாது. பை நிரம்பி வழிந்து படுக்கை நனையும்போது ‘யூரின் நல்லா போகுது’ என்று வீட்டார் எண்ணிவிடுகிறார்கள். உள்ளே தேங்கிய சிறுநீர் தொற்றாகிறது, பையின் தசை விரிந்து நிரந்தரமாகத் தளர்கிறது. கால் மீண்ட பிறகும் அந்தச் சேதம் நிற்கலாம். அடிவயிற்றில் இரு பக்கமும் உள்ளங்கையை வைத்து, உருண்டையாகத் தட்டுப்படும் பையை மெதுவாகப் பின்னோக்கி அழுத்தி, நாளுக்கு மூன்று நான்கு முறை வடிக்க வேண்டும். மருத்துவர் ஒருமுறை கைபிடித்துக் காட்டினால் வீட்டில் யாராலும் கற்றுக்கொள்ள முடியும். பை இறுக்கமாக இருந்தால் தளர்த்த மாத்திரை உண்டு. படுக்கைப் புண் வராமல் சில மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதும், கால் மூட்டுகளை நீட்டி மடக்கிவிடுவதும் இதோடு சேரும்.

மூன்றாவது எடுத்துச் செல்லும் முறை. இடிபட்ட நாயை இரு கையால் தூக்கி மடியில் போட்டு பைக்கில் கொண்டுபோனால், விலகிய எலும்பு வழியிலேயே தண்டுவடத்தை முடித்துவிடலாம். பலகையோ, பழைய கதவோ, மீன் ஐஸ் பெட்டியின் மூடியோ போதும். நாயை அதன் மேல் நகர்த்தி, துணியால் அசையாமல் கட்டி எடுத்துப் போக வேண்டும். புதுச்சேரி குரும்பாப்பட்டில் 1994இல் தொடங்கிய ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. வடக்கே நீண்ட பயணத்துக்குத் தயாராக இருப்பவர்களுக்குச் சென்னை வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி. பலகை சரியாக இருந்தால் அந்த நெடுந்தூரப் பயணத்திலும் தண்டுவடத்துக்கு மேலும் தீங்கு நேரும் ஆபத்து குறையும்.

7. சொந்தக்காரர் இல்லாத நாய்

மேலே சொன்ன பராமரிப்புக்கு ஒரு வீடு வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அடிபட்ட தெருநாய்க்கு அது இல்லை. இந்த இடத்தில் நம்பிக்கையூட்டும் எண்களை நீட்டிச் சொல்வது நேர்மையாகாது. முள்ளெலும்பு முறிந்து விலகி, ஆழ்வலியும் போன நாய் திரும்ப நடக்கும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. டிஸ்க் நாய்களின் 58 விழுக்காடு அவற்றுக்குப் பொருந்தாது. ஆழ்வலி இல்லாத டிஸ்க் நாய்களிலும் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்குத் தண்டுவடம் சில நாட்களில் மேலும் கீழுமாகக் கரைந்துபோகும் நிலை வருகிறது; வலியும் மூச்சுத் தளர்வுமாக அது முடியும்.

2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் குணப்படுத்த முடியாத நோயோ உயிர்போகும் காயமோ கொண்ட தெருநாய்க்குக் கருணைக்கொலையை அனுமதிக்கின்றன. அந்த முடிவை மருத்துவக் கணிப்புக்குப் பிறகே எடுக்க வேண்டும். பின்னங்கால் விழுந்த நாய் அந்த வரையறைக்குள் வருமா? விலகிய எலும்பும் இல்லாத ஆழ்வலியும் உறுதியானால் வரும், அங்கே நீட்டிப்பது கொடுமை. எலும்பு தன் இடத்தில் இருந்து, விரலை அழுத்தியதும் நாய் திரும்பிப் பார்த்தால் வராது; ஒரு காப்பகத்தின் கூண்டும் நான்கு வாரமும் அதற்குக் கிடைக்க வேண்டும். இரண்டையும் பிரிப்பது ஒரு எக்ஸ்ரே, ஒரு இடுக்கி. விபத்துக்குப் பிறகு கொண்டுவரப்படும் ஒவ்வொரு நாயின் சீட்டிலும் ‘ஆழ்வலி: உண்டு / இல்லை’ என்று ஒரு வரி எழுதப்பட்டால், காலாப்பட்டுச் சாலையில் விழும் நாய்களில் எத்தனை உண்மையிலேயே மீளாதவை என்ற கணக்கும் சில ஆண்டுகளில் நம் கைக்கு வரும். ஊசி போடுவதா, பலகையில் ஏற்றுவதா என்று யாரும் முடிவெடுப்பதற்கு முன் அந்த வரி நிரப்பப்பட்டிருக்க வேண்டும்.